நாற்பது வரிச் சுவர்

நகராது சார். எழுந்து எழுந்து பார்க்காதீர்கள். கண்டக்டர் டீக்கடைக்குப் போய்விட்டார். டிக்கெட் பையையும் எடுத்துக்கொண்டு அவர் இறங்கினால் அரை மணி நேரம் என்று அர்த்தம். அழகர் ஆற்றில் இறங்குகிற காலையில், அண்ணா நகரைத் தாண்டி டவுன் பஸ் போகும் என்று நம்பி ஏறினோமே, நம் இரண்டு பேரையும்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு ஜன்னல் ஓரம். பின்னால் ரோடு முழுக்கத் தெரிகிறது அல்லவா? நல்லது. ஆம்புலன்ஸ் ஏதாவது வந்தால் சொல்லுங்கள். வெள்ளை வண்டி, நடுவில் ஆரஞ்சுப் பட்டை. வராது என்று வைத்துக்கொள்வோம். வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் வரும். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

நான் அதிகம் பேசாதவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். தெய்வநாயகமா, அவர் வாயைத் திறப்பதே இல்லையே என்பார்கள். இந்த இருபத்திரண்டு நாளாக அப்படித்தான் சொல்கிறார்கள்.

என்ன, சட்டைப் பையைக் காட்டுகிறீர்கள்? பேனாவா? கசிந்தால் கசியட்டும், பழைய சட்டை.

நீங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். கூப்பிட வேண்டாம், சும்மா வைத்துக்கொள்ளுங்கள். நூற்றெட்டு அல்ல, அது அரசாங்கம். இந்த ஊரில் பதினொரு தனியார் மருத்துவமனைகள் சேர்ந்து நாற்பது வண்டி ஓட்டுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எண். உங்கள் வீட்டுக்கு எந்த வண்டி வர வேண்டும் என்று முடிவு செய்வது யார்? டிரைவரா? இல்லை. போனை எடுக்கிற பெண்ணா? அவளும் இல்லை. ஒரு மென்பொருள். அதற்குள் அந்த முடிவை எடுக்கிற கோப்பு ஒன்று இருக்கிறது. ஆறாயிரத்து இருநூறு வரி. இருபத்தோரு வருஷமாக நான் எழுதியது. நான் மட்டும். திறந்து பார்த்தவர்கள் உண்டு. மூடிவிட்டுப் போனவர்களும் அவர்கள்தான்.

அந்தக் கோப்பில் நாற்பது வரியை அழித்துவிட்டார்கள். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

தைப்பொங்கல் முடிந்த வாரம் ரிஸ்வானா வந்தாள். கம்பத்துப் பெண். சென்னையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். எங்கள் முதலாளி இமானுவேல் துரை அவளைத் தலைமைப் பொறியாளராகக் கொண்டுவந்தார். ஏன் கொண்டுவந்தார் என்றால், இரண்டு மருத்துவமனைக்காரர்கள் புதிதாக ஒரு வசதி கேட்டார்கள், நான் ஏழு மாதம் ஆகும் என்றேன். ஏன் ஏழு மாதம் என்றார். ஓரிடத்தில் கை வைத்தால் வேறோர் இடத்தில் பெயர்ந்து விழும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது.

வந்தவள் மூன்று நாள் உட்கார்ந்து என் கோப்பைப் படித்தாள். நான்காம் நாள், “இது கீழடி மாதிரி இருக்கு சார்” என்றாள். பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கோப்புக்கு அலுவலகத்தில் கீழடி என்றே பெயர். இன்றைக்கு எத்தனையாவது குழி சார் என்று கேட்பார்கள். கேட்கட்டும். தோண்ட எதுவும் இல்லாத இடத்துக்கு யாரும் அந்தப் பெயரை வைக்க மாட்டார்கள்.

அவள் கொண்டுவந்த முறைக்கு அஜைல் என்று பெயர். அதற்குத் தமிழில் பதினொரு சொல் எழுதிக் கொடுத்தேன், ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. பெயரை விடுங்கள், செய்முறையைச் சொல்கிறேன். எதையும் மாற்றுவதற்கு முன்னால், கோப்பு இன்றைக்கு என்ன செய்கிறதோ அதை அப்படியே ஒரு சோதனையாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு சின்ன மாற்றம். உடனே எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் போடுகிற சீரியல் லைட்டை வாங்கிவந்து அலுவலகச் சுவரில் தொங்கவிட்டாள். எல்லாம் தேறினால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு எரிந்தால் எல்லாரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு அதைப் பச்சையாக்க வேண்டும். பச்சை ஆனதும் அடுத்த சின்ன மாற்றம். வீட்டுக்குள் ஆள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் டம்ளர் தளும்பாமல், வீட்டுச் சுவரை அரையங்குலம் அரையங்குலமாக நகர்த்துகிற வேலை என்று வையுங்கள்.

நல்ல முறைதான் என்று நானும் நினைத்தேன். மனதுக்குள்.

இதைத் தவிர இன்னொன்று. இரண்டு பேர் ஒரே கணினி முன்னால் உட்கார வேண்டும். ஒருவர் கை, ஒருவர் வாய். கை தட்டச்சு செய்யும். வாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும், பார்த்ததைச் சொல்லும். சொல்லியே ஆக வேண்டும், அதுதான் விதி. தட்டுகிறவனுக்குத் தன் விரலுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும், மற்றது பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும் என்பாள். இட்லிக்கு வைக்கிற டைமர் ஒன்று மேஜையில் இருக்கும். இருபத்தைந்து நிமிஷத்தில் அது அடித்ததும் நாற்காலி மாற வேண்டும். கை வாயாகும், வாய் கையாகும். எனக்கு ஜோடி ரிஸ்வானாவே. ஐம்பத்து நாலு வயதில், நான் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் ஒருத்தி பக்கத்தில் இருந்து பார்ப்பது எப்படி இருக்கும் தெரியுமா? நீங்கள் பல் தேய்க்கும்போது ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

டிக்கெட்டா? எடுத்துவிட்டேன் சார், பையில்தான் இருக்கிறது. சும்மா சும்மா பையைக் காட்டுகிறீர்களே, செக்கரா நீங்கள்? இல்லை அல்லவா. பிறகென்ன.

முதல் வாரமே நான் ஒரு நிபந்தனை போட்டேன். என் சம்மதம் இல்லாமல் கீழடியில் ஒரு வரிகூட மாறக் கூடாது. வாய்வார்த்தை போதாது, பூட்டு வேண்டும். என் போனில் ஒரு பொத்தான். நான் அமுக்கினால்தான் மாற்றம், ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளுக்குப் போகும். துரை தயங்கினார். ரிஸ்வானாதான், வைத்துவிடலாம், அவருடைய கோப்புதானே என்றாள். சண்டைக்குத் தயாராகப் போனவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டால் எப்படி உட்காருவான்?

உட்கார்ந்தேன். இரண்டாவது வாரம் என் கோப்பில் ஒரு தவறைக் கண்டுபிடித்தாள். ஒன்றே ஒன்று. பிறகு இன்னும் இரண்டு. மொத்தம் பதினான்கு. அதில் ஐந்து சின்னது. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள், நல்ல வேளை கிடைத்தது சார் என்பாள், அடுத்ததுக்குப் போய்விடுவாள். கேலி செய்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். செய்யவில்லை.

வந்ததுமே அவள் இன்னொரு காரியம் செய்திருந்தாள். கோப்பில் ஒவ்வொரு கிளைவழியிலும் ஓர் அடையாளம் வைத்தாள். எந்த முடிவாவது அந்த வழியாகப் போனால் அடையாளத்தில் ஒன்று கூடும். தொண்ணூறு நாள் காத்திருப்போம், யாருமே நடக்காத வழிகள் இருந்தால் அழித்துவிடலாம் என்றாள். செத்த வரிகள் என்று அவற்றுக்குப் பெயர். தையில் வைத்தாள். நாள் போகப் போக நான் விரல் விட்டு எண்ணினேன். தை, மாசி, பங்குனி. தொண்ணூறாவது நாள் சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் வருகிறது. நான் சொல்கிற அந்த நாற்பது வரி, வருஷத்துக்கு ஒரு நாள்தான் ஓடும். சித்திரைப் பௌர்ணமி அன்றைக்கு.

இன்றைக்கு.

அந்த வரிகள் என்ன செய்யும் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். இன்று ஒரு நாள் மட்டும், முந்தின சாயங்காலத்திலிருந்து இன்று மத்தியானம் வரை, வைகையை ஒரு சுவர் என்று எடுத்துக்கொள்ளும். வடகரை வண்டி வடகரைக்கு. தென்கரை வண்டி தென்கரைக்கு. இல்லாவிட்டால் என்ன ஆகும்? தென்கரையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். மென்பொருள் வரைபடத்தைப் பார்க்கும், வடகரையில் ஒரு வண்டி இரண்டு கிலோமீட்டரில் நிற்கிறது, தென்கரையில் நான்கு கிலோமீட்டரில் நிற்கிறது. பக்கத்தில் இருப்பதைத்தானே அனுப்பும்? அது பாலத்துப் பக்கம் வரும். பாலத்தில் லட்சம் ஜனம். டிரைவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். உள்ளூர்க்காரர் என்றால் தெரியும். திருவிழாவுக்காகத் திண்டுக்கல், காரைக்குடியிலிருந்தெல்லாம் வண்டி வரவழைத்திருக்கிறோம். திரை காட்டுகிற பக்கம் போங்கள் என்றுதான் அவர்களுக்கு உத்தரவு.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு வண்டி நின்றது. ஐம்பது நிமிஷம். போக வேண்டிய வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அதற்கு மேல் கேட்காதீர்கள். அந்த வாரமே உட்கார்ந்து அந்த நாற்பது வரியை எழுதினேன். அப்போது துரையின் அப்பா இருந்தார். இனி இது நடக்கக் கூடாது தெய்வநாயகம் என்றார். நடக்கவில்லை. அவர் காலமாகிவிட்டார். அது எதற்காக எழுதியது என்று தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

ஒவ்வொரு வருஷமும் தேதியைப் பட்டியலில் எழுதிக்கொண்டிருப்பது மூளை இல்லாத வேலை. அதனால் நிலாவின் ஓட்டத்தையே கணக்குப் போட்டு எழுதினேன். மூன்று புத்தகம் படித்தேன் அதற்காக. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரி இருபத்தைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து நானூற்று நாற்பத்து மூன்று நொடி. நாளாக எழுதினால் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நொடியாக எழுதினேன். சின்னக் குறும்புதான். பகுதிக்கு க7 என்று பெயர் வைத்தேன். விளக்கம் எழுதவில்லை. படிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டுமே.

யாரும் என்னைக் கேட்காமலே அதை அழித்துவிட்டார்கள்.

கேட்காமல் என்றால், முறையாகக் கேட்கவில்லை. அழித்த அன்று, இருபத்திரண்டு நாளுக்கு முன்னால், காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். துரை எல்லாரையும் நிற்க வைத்து இனிப்பு கொடுத்தார். ஆறாயிரத்து இருநூறு வரி ஆயிரத்து நூறு ஆகிவிட்டது. நான் ஏழு மாதம் என்று சொன்ன வசதி மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். துரை என் தோளில் கை போட்டு, “இனிமே கீழடியை யார் வேணா தொடலாம், சாருக்கும் நிம்மதி” என்றார். யார் வேண்டுமானாலும். மைசூர்பாகு கையில் இருந்தது. அதை அப்படியே கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம்தான் க7. அவள் கை, நான் வாய்.

“சார், இந்த இருபத்தஞ்சு லட்சத்துச் சொச்சம் என்ன நம்பர்?”

“அது ஓர் எண்” என்றேன்.

“க7னு இருக்கு. க1லேர்ந்து க6 வரைக்கும் எங்க சார்?”

அவை எழுதப்படவில்லை என்றேன். அவள் சிரித்தாள். அடையாளத்தைக் காட்டினாள். சைபர். தொண்ணூறு நாளில் ஒரு முறைகூட யாரும் அந்த வழியில் போகவில்லை. தேவைதானா இது என்று கேட்டாள். தொண்ணூறு நாளாகப் போகவில்லை என்றால் போகவில்லைதான் என்றேன். பொய் இல்லையே அதில்?

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் நன்றாகத் திரும்பினாள்.

“சார், நீங்க இப்ப வாய். அழிச்சிடட்டுமா?”

“கை உன்னுடையது” என்றேன்.

அவள் உடனே அழித்துவிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நியாயம் வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்து டைமர் அடித்தது. நாற்காலி மாறினோம். இப்போது கை நான். வரிகள் திரையில் அப்படியே இருக்கின்றன, நீல நிறம் ஏறி, தேர்ந்தெடுத்த நிலையில். பக்கத்தில் அவள். உங்களுக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே சார் என்றாள்.

ஆக, அழித்தது யார் என்று தொழில்முறையாகக் கேட்டால், நான்தான். விசை என் விரலுக்குக் கீழே இருந்தது. பிறகு போனில் சம்மதம் கேட்டது, அதையும் அமுக்கினேன். சீரியல் லைட் பச்சையாக எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? சோதனைகளுக்குள்ளே நாள் எப்போதும் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கடிகாரத்தை அவர்கள் அப்படி நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒரே விடை வர வேண்டும் என்பதற்காக. தைச் செவ்வாயில் எங்கே வரும் சித்திரைப் பௌர்ணமி?

நான் கெட்டவன் இல்லை சார். என்ன நினைத்தேன் என்றால், இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். யாராவது ஒருவர் வந்து, தெய்வநாயகம் சார், திருவிழா வருகிறதே, உங்கள் கோப்பு இதற்கு என்ன செய்யும் என்று கேட்கட்டும். ஒரே ஒரு கேள்வி. கேட்டால் சொல்லிவிடுவேன். அழித்தது எங்கேயும் போகாது, பழைய பிரதி பத்திரமாக இருக்கும், எடுத்து ஒட்டிவிடலாம்.

கேட்கவில்லை. மூன்று முறை மின்னஞ்சல் எழுதினேன். முதல் முறை நீளமாகப் போய்விட்டது. இரண்டாவது கொஞ்சம் காரமாக இருந்தது. மூன்றாவது சரியாக இருந்தது, ஆனால் அதில் நான் தெரிந்தே அழித்த மாதிரி ஒரு தொனி வந்துவிட்டது. மூன்றும் வரைவில் கிடக்கின்றன. கொடியேற்றம் ஆயிற்று. ஊரெல்லாம் பந்தல் போட்டார்கள். மீனாட்சி கல்யாணத்தன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள், வாயில் வைத்ததும் எழுந்துவிட்டேன். உடம்புக்கு என்ன என்று மனைவி கேட்டாள், வெயில் என்றேன். ராத்திரி போனில் அலுவலகக் குழுவின் செய்திகள் வந்தபடி இருக்கும், ஒவ்வொன்றையும் பாய்ந்து எடுத்துப் பார்ப்பேன். எதிலும் என் பெயர் இல்லை.

முந்தாநாள் ரிஸ்வானா என் மேஜைக்கு வந்தாள். திருவிழா அன்று எனக்கு விடுமுறை போட்டிருப்பதாகவும், தானே வேலைக்கு வருவதாகவும் சொன்னாள். போக இருந்தவள் திரும்பினாள். “ஏதாவது சொல்லணுமா சார்?” என்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் கேட்டது பொதுவான கேள்வி. நான் எதிர்பார்த்தது குறிப்பான கேள்வி.

ஆறு மணிக்கு முன்னால் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் வண்டி மாட்டியதும் தெரிந்துவிடும். தெரிந்ததும் நான் இல்லாமல் முடியாது. கூப்பிடுவார்கள், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன், யாருக்கும் ஒன்றும் ஆகாது. இப்போது என் கைக்கடிகாரத்தில் மணி ஆறு நாற்பது. கூப்பிடவில்லை. சிம்மக்கல்லில் மச்சினி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். மச்சினி வீட்டுக்கு இல்லை. பாலத்துப் பக்கம் எங்கள் வண்டி ஏதாவது நிற்கிறதா என்று என் கண்ணால் பார்க்கத்தான்.

ஏன் மறுபடியும் என் நெஞ்சைக் காட்டுகிறீர்கள்? நெஞ்சுவலி எல்லாம் இல்லை. வியர்வை எனக்கு எப்போதும் வரும்.

இருங்கள். அது என்ன சத்தம்?

சைரன். பின்னால்தான். பாருங்கள் சார், தலையை வெளியே நீட்டிப் பாருங்கள். ஆரஞ்சுப் பட்டையா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். பட்டை நடுவிலா, கீழேயா? நடுவில்.

எங்கள் வண்டிதான்.

பயப்படாதீர்கள், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். வடகரையிலிருந்து ஆற்றைப் பார்த்துப் போகிறது என்றால் ஆளை ஏற்றப் போகிற வண்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டியது அவர்களுக்காக. யாரென்று தெரியாது. ஒரு வீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தென்கரையில் நாலு கிலோமீட்டரில் ஒரு வண்டி சும்மா நிற்கும். அதற்கு உத்தரவு போகாது. இது இங்கே நம் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருக்கும். க7 இருந்திருந்தால் வேலை அந்த வண்டிக்கு மாறியிருக்கும், இந்த டிரைவர் திரையில், சைரனை அணை, வேறு வண்டி போகிறது என்று வந்திருக்கும்.

போன் செய்யச் சொல்கிறீர்களா? நான் செய்யலாம். செய்யலாம்தான். ஆனால் அவர்கள் அல்லவா என்னை... என்ன? எது எரிகிறது? என் பையிலா? போன் வந்தால் மணி அடிக்கும் சார், எனக்குக் காது நன்றாகவே...

சத்தத்தை அணைத்துவிட்டிருக்கிறாள். என் மனைவி. குழுச் செய்தி தூங்க விடவில்லை என்று நேற்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறாள் ரிஸ்வானா. ஒரு செய்தி. நாலு ஐம்பதுக்கு. கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன், இருங்கள்.

“சார், அந்த நம்பர் நிலா. வகுத்துப் பார்த்தேன். இன்னிக்கு பௌர்ணமி. க7ஐ பழைய பிரதியிலேர்ந்து எடுத்து வச்சாச்சு. அதுக்குச் சோதனை எழுதி ஓட்டியாச்சு, பச்சை. உங்க பொத்தான் மட்டும்தான் பாக்கி. அதுவரைக்கும் கட்டுப்பாட்டு அறையில உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியா கையால மாத்திக்கிட்டு இருக்கோம். ஒண்ணு ரெண்டு தப்பிப் போகுது. போனை எடுங்க சார்.”

நாலு ஐம்பது. இரண்டு மணி நேரமாக.

பொத்தான் எங்கே போயிற்று, இங்கேதானே இருக்கும், நேற்றுகூட... அதோ மறுபடியும் அவளே கூப்பிடுகிறாள்.

ரிஸ்வானா. நான்தான். பஸ்ஸில் இருக்கிறேன். கேள் அம்மா, க7ஐப் பற்றி மூன்று விஷயம் கவனிக்க வேண்டும், முதலாவது, நிலாக் கணக்கில் ஒரு சராசரி...

ம்.

ம்.

சரி.

அவ்வளவுதான் சார். ‘சரியா சார்?’ என்று மட்டும் கேட்டாள். அமுக்கிவிட்டேன். பாருங்கள், நீங்களே பாருங்கள், அமுங்கியிருக்கிறது அல்லவா? கண்ணாடி இல்லை, அதனால் கேட்கிறேன். இனி சோதனைகள் மறுபடி ஒரு தடவை ஓடும். முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனை. ஒரு நிமிஷம் பத்து நொடி. அதற்குப் பிறகுதான் ஏறும். இன்னும் கத்துகிறது. ஒரு நிமிஷம் என்பது இவ்வளவு நீளமா?

நீங்கள் எத்தனை தடவை என் பையைக் காட்டினீர்கள்? மூன்று தடவையா? எனக்குப் புரியவில்லை என்று தெரிகிறது அல்லவா, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? நான் பேசிக்கொண்டிருந்தால் என்ன, குறுக்கே பேச வேண்டியதுதானே. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். எரிவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு மனிதரால் எப்படி சார்...

நின்றுவிட்டது.

நின்றுவிட்டதுதானே? எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்கும் கேட்கவில்லை அல்லவா? திரும்பிப் பாருங்கள். மேலே விளக்கும் அணைந்துவிட்டதா? நான் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும்.

கண்டக்டர் வருகிறார். கிளம்பிவிடும்.

உங்களை நான் ஒன்றுமே கேட்கவில்லை. எங்கே இறங்க வேண்டும் சார் நீங்கள்?

சொல்லுங்கள்.